கண்மாய்க் கரையும் ஒரு அணைதான்

செட்டிநாட்டுப் பக்கம் டவுன் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து போனால், ஊருக்கு ஊர் ஒரு மண்மேடு கொஞ்ச தூரம் கூடவே ஓடி வரும். மேலே வரிசையாகப் பனை. நடுவில் எங்காவது ஒரு அய்யனார் கோயில், சுடுமண் குதிரைகள். மேய்ச்சல் முடிந்து அதன் மேல் வரிசையாக நடந்து வரும் ஆடுகள். எல்லாரும் அதைக் கண்மாய்க் கரை என்பார்கள்; கண்மாய் என்றால் எங்கள் பக்கத்து ஏரி. அணை என்று யாரும் சொல்வதில்லை. அணை என்றால் நமக்கு மேட்டூரும் வைகையும்தான். கதவு இருக்க வேண்டும், பூங்கா இருக்க வேண்டும், மிளகாய் பஜ்ஜிக் கடை இருக்க வேண்டும்.

ஆனால் அந்த மேடு சந்தேகமில்லாமல் ஒரு மண் அணை. பள்ளத்தை நோக்கி ஓடும் நீரைக் குறுக்கே மறித்துத் தேக்குவதற்காக மண்ணைக் கொட்டி இறுக்கிக் கட்டியது. 1955இல் கட்டி முடித்த பவானிசாகர், சுமார் 8 கிலோமீட்டர் நீளமுள்ள பெரிய மண் அணை. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரை அதற்குத் தூரத்து ஒன்றுவிட்ட தம்பி. உயரம்தான் வேறே தவிர சங்கதி ஒன்றே. உலகத்தில் இருக்கும் அணைகளிலும் மண்ணாலும் கல்லாலும் குவித்துக் கட்டியவைதான் பெரும்பாலானவை. சிமெண்ட் அணைகள் குறைவு.

போன தீபாவளிக்கு மழை விடாமல் பெய்தபோது, சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா பேரனைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மறுபக்கம் பத்தடிக்குக் கீழே நெல் வயல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஐயா, மண்ணு தண்ணியில கரையாதா?" என்று கேட்டான்.

கரையும். அதில் என்ன சந்தேகம். கரையும் பொருளை வைத்தே தண்ணீரை எப்படித் தடுக்கிறார்கள் என்பதுதான் விஷயமே.

முதலில் இந்த ஊர்களுக்கு ஏன் இவ்வளவு கண்மாய் என்று பார்த்துவிடுவோம். சிவகங்கைச் சீமையில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு, சருகணியாறு எல்லாம் மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டர் அளவுக்கு. அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில், அதுவும் நாலைந்து அடைமழையாகக் கொட்டிவிடும். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. மலை இல்லை, ஆழமான பள்ளத்தாக்கு இல்லை; ஆகவே ஒரே இடத்தில் உயரமாக ஒரு அணை கட்ட வழியில்லை. சரிவுக்குக் குறுக்கே, பிறைநிலா மாதிரி வளைத்து, தாழ்வான நீண்ட கரைகளாகத்தான் கட்ட முடியும். ஒன்று நிறைந்தால் அடுத்தது, அது நிறைந்தால் அதற்கடுத்தது. பெரியது கண்மாய், சிறியது ஏந்தல், தாங்கல். குடிக்க மட்டும் என்றால் ஊருணி. செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், விழும் மழைத்தண்ணீர் தெருக்கால் வழியாக ஊருணிக்குப் போவதை ஊர் பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுக்கிறார்கள். ஊருக்கு வெளியே அதே வேலையைப் பல மைல் அகலத்துக்குச் செய்துகொண்டிருப்பது கண்மாய். அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

சரி, மண்ணுக்கு வருவோம்.

தண்ணீர் கரையைத் தள்ளி உடைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அந்தப் பயம் போய்விடும். கரையோரம் 3 மீட்டர் ஆழம் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளக் கரை மேல் அது பக்கவாட்டில் கொடுக்கும் மொத்தத் தள்ளு 4.5 டன். இப்போது அதே ஒரு மீட்டர் நீளக் கரையின் எடை என்ன? உயரம் 4.5 மீட்டர், தலைப்பு அகலம் 3 மீட்டர், இரண்டு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு (ஓரடி ஏற இரண்டடி அகலம்) என்றால், அடி அகலம் 21 மீட்டர் வரும். மண் அளவு 54 கன மீட்டர். நன்றாக இறுகிய மண் கன மீட்டருக்கு 1.8 டன் என்று வைத்தால் ஏறத்தாழ 97 டன். தொண்ணூற்றேழு டன் உட்கார்ந்திருக்கிறது, நாலரை டன் தள்ளுகிறது. குட்டி ஆடு போய்க் கோயில் காளையை முட்டின கதை.

அப்படியென்றால் கரைகள் ஏன் உடைகின்றன? தண்ணீருக்குத் தள்ளத் தெரியாவிட்டாலும் அரிக்கத் தெரியும். அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கரைக்கு மேலே ஏறி வழிவது. இன்னொன்று, கரைக்கு உள்ளே புகுந்து வருவது. மண் அணை கட்டுகிறவன் செய்யும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டில் ஒன்றை மறிப்பதற்காகத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

உள்ளே புகுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். எந்த மண்ணும் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. மணல் வேகமாக விடும், களி மிக மெதுவாக விடும், அவ்வளவுதான் வித்தியாசம். களி மட்டுமே போட்டுக் கட்டினால் என்ன? சித்திரை வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் முதல் மழைத் தண்ணீர் நேராக நுழையும். நீண்ட பஞ்சத்துக்குப் பிறகு வரும் முதல் பெருவெள்ளத்தில் கரை உடைவதற்கு இது ஒரு காரணம். மணலும் சரளையும் மட்டும் போட்டால் வெடிக்காது, ஆனால் சல்லடை. ஆகவே நல்ல கரையில் நடுவில் களி, இரு புறமும் கனமான செம்மண் சரளை என்று வைப்பார்கள். பெரிய அணைகளில் இது தனித்தனி அடுக்காகவே இருக்கும். களி தண்ணீரை மறிக்கும், சரளை களியை வெயிலிலிருந்தும் சரிவிலிருந்தும் காக்கும். பழைய கண்மாய்களில் இப்படி அழகாகப் பிரித்திருக்க மாட்டார்கள். உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் பக்கத்தில், வெட்டிய மண்ணே கரை. ஆனால் காலங்காலமாக ஆளும் மாடும் வண்டியும் மிதித்து இறுகிய கரைக்கு ஒரு தனிப் பலம் வந்துவிடுகிறது.

இறுக்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. காய்ந்த மண்ணை எவ்வளவு இடித்தாலும் இடையில் காற்று நிற்கும். ரொம்ப ஈரமானால் சேறாகி நழுவும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. பொறியாளர்கள் அதற்கு ஆய்வகத்தில் சோதனை வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஆச்சிகளுக்கு அது புட்டுமாவுப் பதம். கையில் அள்ளிப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில், ஓரடிக்கும் குறைவான கனத்தில் ஒரு படை போட்டு, உருளை ஓட்டி, அப்புறம் அடுத்த படை. ஜேசிபி வந்த பிறகு நாலடி மண்ணை ஒரேயடியாகத் தள்ளிவிட்டு மேலே நாலு தரம் ஓட்டுவதைப் பார்க்கிறேன். மேல் முக்கால் அடி இறுகியிருக்கும். கீழே புட்டு வேகவே இல்லை.

இறுக்கின பிறகும் கசிவு இருக்கும். கரையைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்க்க முடிந்தால், உள்பக்க நீர்மட்டத்திலிருந்து வெளிப்பக்க அடியை நோக்கி ஒரு ஈரக்கோடு சரிந்து இறங்குவது தெரியும். அதற்குக் கீழே எல்லா மண்ணும் நனைந்தது, மேலே உலர்ந்தது. அந்தக் கோடு கரையின் அடிக்குள்ளேயே முடிந்துவிட்டால் நல்லது. வெளிச்சரிவின் நடுவில் வந்து எட்டிப் பார்த்தால் அபாயம். அங்கே மண் சொதசொதத்துச் சரியும். கரையை அவ்வளவு அகலமாகக் கட்டுவதற்கு இதுதான் முக்கியக் காரணம். எடைக்கு அந்த அகலம் தேவையே இல்லை என்று மேலே பார்த்தோம். தண்ணீர் நீண்ட தூரம் நடந்து களைத்துப் போகட்டும் என்பதற்காகத்தான் அகலம். பெரிய அணைகளில் வெளியடியில் மணலும் ஜல்லியும் அடுக்கி ஒரு வடிகட்டி வைப்பார்கள். தண்ணீர் வெளியே போகலாம், மண் போகக் கூடாது.

இந்த ஒரு வரியை எனக்குப் பாடப்புத்தகம் சொல்லிக் கொடுக்கவில்லை; சித்தப்பா சொல்லிக் கொடுத்தார். நான் டிப்ளமா முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருடம். கார்த்திகை மாதத்து ராத்திரி ஒன்றில், கரைக்கு வெளியே வயலோரத்தில் தண்ணீர் கொப்பளிக்கிறது என்று ஆள் வந்து கூப்பிட்டது. நண்டு வளையாக இருக்கும் என்றார்கள். போய்ப் பார்த்தால் வட்டிலளவு இடத்தில் ஊற்று மாதிரிப் பொங்குகிறது. நான் முந்திக்கொண்டு, களியை வைத்து அடைத்துவிடலாம் என்றேன். சித்தப்பா பதில் பேசாமல் எவர்சில்வர் சொம்பில் அந்தத் தண்ணீரை மோந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். சொம்பின் அடி தெரியவில்லை. கலங்கல்.

"தெளிஞ்ச தண்ணி வந்தா கசிவு. கலங்கின தண்ணி வந்தா கரை உள்ள தேயுது. வெளிய அடைச்சியானா அது உள்ள நின்னு இன்னொரு எடத்துல கெளப்பும்" என்றார். அடைக்கவில்லை. ஊற்றின் மேல் முதலில் ஆற்று மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி என்று கொட்டினோம். பிறகு சுற்றிலும் மணல் மூட்டைகளை உறைகிணறு மாதிரி அடுக்கி, உள்ளே தண்ணீரைக் கொஞ்சம் உயர விட்டோம். உள்ளே நிற்கும் தண்ணீர் எதிரழுத்தம் கொடுத்தது. ஊற்றின் வேகம் தணிந்தது. விடிகாலையில் சொம்பில் எடுத்தபோது அடி தெரிந்தது. அதற்குள் ஆட்கள் உள்வாய்ப் பக்கம் இறங்கி, வளையின் வாயைக் காலால் துழாவிக் கண்டுபிடித்துக் களி மூட்டை போட்டிருந்தார்கள். அடைப்பதானால் நுழைகிற இடத்தில் அடை, வெளியே வருகிற இடத்தில் வடிகட்டு. மூன்று வருடப் படிப்பில் எனக்கு நினைவில் நின்றது இதுதான், அதுவும் படிப்பு முடிந்த பிறகு கிடைத்தது.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்று ஒரு மண் அணை கட்டினார்கள். 90 மீட்டருக்கு மேல் உயரம். முதல்முறை நிரப்பிக்கொண்டிருந்தபோதே, 1976 ஜூன் 5ஆம் தேதி காலையில் கலங்கிய கசிவு தெரிந்தது. புல்டோசரை விட்டு ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். புல்டோசர்களே உள்ளே போயின. நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது. 11 பேர் இறந்தார்கள். எங்கள் ஊர் நண்டு வளைக்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு. மண்ணுக்குள் ஒரு குழாய் மாதிரி அரிப்பு தொடங்கிவிட்டால், அது எவ்வளவு அகலமாகிறதோ அவ்வளவு வேகமாக மேலும் அரிக்கும். நிதானிக்க நேரம் தராது.

கரை மேல் பெரிய மரம் வேண்டாம் என்பதும் இதனால்தான். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, கரைக்குள் ஆயத்தமான குழாயாகிவிடும். பனை பரவாயில்லை. அதன் வேர் சல்லி சல்லியாக மண்ணைப் பின்னிக்கொள்ளும், தடித்துப் பிளக்காது. சீமைக்கருவேலத்தை என்ன சொல்வது? அதைப் பற்றித் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

மடை என்பது கரைக்குள் நாமே வேண்டுமென்று வைக்கும் ஓட்டை. ஆகவே கரையின் மிக நாசூக்கான இடமும் அதுதான். கல்லும் மண்ணும் ஒட்டும் இடுக்கில் தண்ணீர் வழி தேடும். பழைய ஆட்கள் இதற்குக் கண்டுபிடித்த குமிழித் தூம்பு எனக்கு எப்போதும் ஆச்சரியம். கரையிலிருந்து உள்ளே தள்ளி, தண்ணீருக்கு நடுவே இரண்டு கல் தூண்கள் நிற்கும், குறுக்கே கல் சட்டங்கள். அடியில் ஒரு கல் தொட்டி. தொட்டியின் மேல்பக்கத் துளையை நீண்ட தடியில் கோத்த கல் குழவி மூடியிருக்கும். அதைத் தூக்கினால் நல்ல தண்ணீர் உள்ளே இறங்கிக் கரைக்கு அடியில் போட்ட கால் வழியே வயலுக்குப் போகும், அது நீரோடி. தொட்டியின் அடிமட்டத்தில் பக்கவாட்டில் சின்னத் துளைகள், அவை சேறோடி. தண்ணீர் ஓடும் இழுப்பில் அடியில் தங்கிய சேறும் கூடவே கொஞ்சம் வெளியேறும். தண்ணீர் திறப்பதும் தூர் எடுப்பதும் ஒரே வேலையில். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் குளங்களில் கல்வெட்டுடன் கூடிய தூம்புகள் இன்னும் நிற்கின்றன. செய்து வைத்தவர் பெயரைத் தூணில் வெட்டியிருப்பார்கள். அதன் மேல் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும்.

இப்போது இரண்டாவது அபாயம், மேலே ஏறி வழிவது. வெள்ளத் தடுப்பு என்ற பேச்சே இங்கேதான் தொடங்குகிறது.

சிமெண்ட் அணையின் மேல் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மண் கரையின் மேல் ஒரு சாண் தண்ணீர் வழிந்தால், வெளிச்சரிவு மேலிருந்து கீழே உருவிக்கொண்டு போய்விடும். ஒருசில மணி நேரம் போதும். ஆகவே மண் அணைக்கு உயிர் அதன் உயரத்தில் இல்லை, கலுங்கில் இருக்கிறது. கலுங்கு என்பது கரையின் ஒரு கோடியில், கெட்டியான நிலம் பார்த்து, கல்லால் கட்டிய தாழ்வான சுவர். நிறைநீர் மட்டம் எதுவோ அதுவே கலுங்கின் தலை. அதற்கு மேல் வரும் தண்ணீர் தானாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கரை, கலுங்கின் தலையை விடக் குறைந்தது ஒரு மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு மீட்டர் இடைவெளி வெள்ளத்துக்கும் காற்றடித்து எழும்பும் அலைக்கும் விட்ட இடம். அலை அடிக்கும் உள்சரிவில் கல் பாவியிருப்பார்கள், அது அலைகல். எங்கள் பக்கத்தில் செம்புராங்கல் தாராளம், அதனால் அதையே பாவியிருப்பதையும் பார்க்கலாம்.

கதவு கிடையாது, மோட்டார் கிடையாது. பார்க்க ஒரு குட்டிச்சுவர். அது எப்படி வெள்ளத்தைக் குறைக்கிறது?

கற்பனையாக ஒரு கண்மாய் வைத்துக்கொள்வோம். நீர்ப்பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 250 ஏக்கர். மழைநீர் வந்து சேரும் மேட்டு நிலம் 10 சதுர கிலோமீட்டர். கலுங்கின் நீளம் 20 மீட்டர். கண்மாய் ஏற்கெனவே கலுங்குத் தலை வரை நிறைந்து கிடக்கிறது. அந்த நிலையில் ஒரே ராத்திரியில் 100 மில்லிமீட்டர் கொட்டுகிறது. பாதி மண்ணில் ஊறி, மீதி ஓடி வருகிறது என்றால் 5 லட்சம் கன மீட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் நாற்பதாயிரம் லாரிக்கு மேல். இது ஆறு மணி நேரத்தில் வந்து சேர்கிறது.

கண்மாய் இல்லாவிட்டால் கீழே உள்ள ஊருக்கு வினாடிக்கு சுமார் 800 கனஅடி பாயும். கண்மாய் இருந்தால்? வருகிற தண்ணீர் கலுங்கு வழியாக உடனே போக முடியாது. கலுங்கின் மேல் ஒரு விரற்கடை ஏறினால் கொஞ்சம் போகும். ஒரு சாண் ஏறினால்தான் நிறையப் போகும். அது வரைக்கும் தண்ணீர் 250 ஏக்கரில் பரவி நிற்க வேண்டியதுதான். மட்டம் 40 சென்டிமீட்டரை ஒட்டி உயரும். அப்போது கலுங்கில் பாய்வது வினாடிக்கு சுமார் 300 கனஅடி. எண்ணூறு முந்நூறாகிவிட்டது. மழை நின்ற பிறகும் ஒரு நாளுக்கு மேல் கலுங்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மணி நேரத்தில் போயிருக்க வேண்டிய வெள்ளம் அது.

இத்தனைக்கும் கண்மாய் நிறைந்து கிடந்தது. "நிறைஞ்ச கண்மாய் வெள்ளத்துக்கு என்ன செய்யும்?" என்று கேட்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நிறைந்த கண்மாயும் வெள்ளத்தைத் தாமதப்படுத்தும். காலிக் கண்மாய் அதை விழுங்கியே விடும். இப்படி ஒன்றன் கீழ் ஒன்றாக ஏழெட்டுக் கண்மாய் என்றால், மேல் ஊரில் பெய்த மழை கடைசிக் கண்மாய்க்கு வரும்போது வெள்ளமாக இல்லாமல் வரத்தாக வரும். தாமதம் என்ற இந்தச் சொல்லைத்தான் பெரிய அணை கட்டும் பொறியாளர்களும் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள்.

ஆனால் சங்கிலியில் ஒரு கெட்ட பக்கமும் உண்டு. மேலே ஒன்று உடைந்தால், அதில் நின்ற தண்ணீர் அத்தனையும் மணிக்கணக்கில் கீழே உள்ளதன் மேல் விழும். அதன் கலுங்கு மழைக்கு அளந்து கட்டியது; இன்னொரு கண்மாயையே விழுங்குவதற்கு அளந்ததல்ல. ஆகவே அதுவும் உடையும். ஓர் ஊர்க் கரை உடைப்பெடுத்தால் பக்கத்து ஊர்க்காரர்களும் மண்வெட்டியோடு ஓடி வருவது அன்பினால் மட்டுமல்ல.

கலுங்கு போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத்தின் மோர்பி சாட்சி. 1979 ஆகஸ்ட் 11ஆம் தேதி மச்சு ஆற்றின் இரண்டாவது அணைக்கு, கணக்கிட்டு வைத்ததைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெள்ளம் வந்தது. நடுவில் இருந்த கட்டுமானம் நின்றது. இரு பக்கமும் இருந்த மண் கரைகள் வழிந்து கரைந்துபோயின. கீழே இருந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். மண் அணையில் வெள்ளக் கணக்கு தப்பினால் பிழை திருத்த இடமே இல்லை.

இதைத் தெரிந்துகொண்டால், நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் ஒரு யோசனை எவ்வளவு ஆபத்தானது என்று புரியும். "கலுங்க ரெண்டடி ஒசத்திட்டா ரெண்டு போகம் வெளையும்ல." கலுங்கை இரண்டடி உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் நிற்கும், உண்மைதான். ஆனால் கரைக்கும் கலுங்குக்கும் இருந்த மூன்றடி இடைவெளி ஓரடியாகிவிடும். மேலே சொன்ன கற்பனைக் கண்மாயில் 40 சென்டிமீட்டர் ஏறியதே, அதை இதில் வைத்துப் பாருங்கள். கரையின் தலை நனையும். உயர்த்தத்தான் வேண்டும் என்றால் கரையையும் உயர்த்த வேண்டும். கரையை உயர்த்தினால் அடியை அகலப்படுத்த வேண்டும். உள்வாயில் மூழ்கும் நிலம் யாருடையது என்ற வழக்கும் கூடவே வரும்.

தூர் வாருவது நல்லதா என்று கேட்டால், எங்கே என்று திருப்பிக் கேட்பேன். கண்மாயில் படியும் கரம்பையை முன்பெல்லாம் கோடையில் மாட்டு வண்டியில் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். கண்மாய்க்கு ஆழம், வயலுக்கு உரம். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து (ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடுவது) என்ற பழைய பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தபோது அந்த வழக்கம் கொஞ்சம் திரும்பியது. ஆனால் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், லோடு ஏற்ற வசதியாக இருக்கிறதென்று ஒரு ஒப்பந்தக்காரர் கரையை ஒட்டியே பதினைந்தடிக்குக் குழி தோண்டிவிட்டார். கரையின் காலுக்குக் கீழே இருந்த களிப் படுகை போயிற்று, அடியில் மணல் தெரிந்தது. அந்த வருடம் கண்மாய் நிறைந்தது. தை பிறப்பதற்குள் காலியானது. மடையைத் திறக்கவே இல்லை. தண்ணீர் எல்லாம் கரைக்கு அடியிலேயே நழுவிவிட்டது. கரை உடையாமல் இருந்தது அந்த ஊர் அய்யனார் புண்ணியம். கரையிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் வெட்ட வேண்டும். களியைத் தாண்டி வெட்டவே கூடாது. யார் பொறுப்பு என்று கேட்டால், ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். குழி மட்டும் இரண்டுக்கும் பொது.

கீழே நழுவுவது எல்லாம் நட்டம் என்றும் சொல்ல முடியாது. கண்மாய்த் தண்ணீரில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகும், ஒரு பகுதி வயலுக்குப் போகும், ஒரு பகுதி மெல்ல நிலத்துக்குள் இறங்கி ஊர்க் கிணறுகளில் ஏறும். கண்மாய் வற்றி இரண்டு மாதம் கழித்தும் கிணற்றில் வாளி நனைகிறதென்றால் அது அந்தத் தண்ணீர்தான். பிறகு ஆடுமாடு, ஊத்தாக் கூடையோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா, திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்க்கு வரும் பறவைகள். அந்தப் பறவைகள் மிரளக் கூடாதென்று அங்கே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இவை எந்த ஆயக்கட்டுக் கணக்கிலும் வராது.

இங்கே ஒரு இழுபறி இருக்கிறது. வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமென்றால் அணை காலியாக இருக்க வேண்டும். விவசாயத்துக்கு வேண்டுமென்றால் நிறைந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தண்ணீர்ப் பரப்பிடம் கேட்கிறோம். பெரிய அணைகளில் எந்த மாதத்தில் எந்த அளவு நீர் நிறுத்தலாம் என்று அட்டவணை போட்டு, கதவைத் திறந்து மூடிச் சமாளிக்கிறார்கள்.

எங்கள் ஊரில் அந்த அட்டவணை, கண்மாய்த் தண்ணீரைத் திறந்து அடைத்துப் பார்த்துக்கொள்ளும் நீர்பாய்ச்சியின் தலையில் இருக்கிறது. பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பையன்கள் தாவி விளையாட வைத்ததல்ல. மழைக்காலம் முழுக்க அந்த இடைவெளிகள் திறந்தே கிடக்கும். மழை முடிந்தது என்று உறுதியானதும், கற்களுக்கு இடையில் பலகையோ மண்மூட்டையோ வைத்து அடைப்பார்கள். கூடுதலாக ஒன்றரை அடி நிற்கும். நெல் பால் பிடிக்கும் சமயத்துக்கு அதுதான் கடைசித் தண்ணீர். சீக்கிரம் அடைத்தால் ஒரு தாமதமான புயல் வந்து கரைக்கு ஆபத்து. தாமதமாக அடைத்தால் வழிந்தோடியது போனதுதான்.

திருக்கார்த்திகை கழிந்த மறுநாள் காலையில் நாலைந்து பெரியவர்கள் கலுங்கில் கூடி வானத்தைப் பார்ப்பார்கள். இப்போது கையில் போன் இருக்கிறது, வானிலை அறிக்கையும் பார்க்கிறார்கள். போன வருடம் ஒருவர் "அடைச்சிரலாம்ப்பா" என்றார். நீர்பாய்ச்சி கிழக்கே பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு நாலு நாள் கெடக்கட்டும்ண்ணே" என்றார். மூட்டைகள் கலுங்கு மேட்டிலேயே அடுக்கிக் கிடந்தன. மூன்றாம் நாள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.